முள் முளைக்காத தகடு

சின்னமனூர்
14.2.1943

பிரியமுள்ள அண்ணனுக்கு ராமுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, அத்தை, பாப்பா எல்லாரும் சுகம். பெங்களூர்க் குளிர் உனக்கும் மதினிக்கும் ஒத்துக்கொண்டதா? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசி பிறந்து பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. நான் பேனாவை எடுப்பது பாப்பாவுக்கு எப்படித்தான் தெரியுமோ, உடனே அழுகை. அவளுக்கு அத்தையின் பேரையே, மாயக்காள் என்று, வைத்துவிட்டார்கள். மாமியார் பேரை நான் எந்த வாயால் சொல்லிக் கூப்பிட? பாப்பா என்றே கூப்பிடுகிறேன், அவளும் அதற்குத்தான் திரும்புகிறாள். ஏழு மாதம் முடிந்து தவழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நெல் மில்லில் ஆயில் இஞ்சினோடு ஒரு டைனமோ ஓடுகிறதல்லவா, ரேடியோ வைத்திருக்கிற வீட்டுக்காரர்களும் மேகமலை எஸ்டேட் டெலிபோன்காரர்களும் பாட்டரியைக் கொண்டுவந்து அதில்தான் சார்ஜ் ஏற்றிப் போவார்கள். சண்டை வந்ததிலிருந்து ஈயத் தகடும் இல்லை, ஆசிட்டும் இல்லை. பழைய பாட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. படித்த கெமிஸ்ட்ரி துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று நானே வீட்டில் எட்டு ஊறுகாய் ஜாடிகளில் பாட்டரி கட்டி, மில் டைனமோவில் சார்ஜ் ஏற்றிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு. மறுபக்கம் துணிப்பையில் மாங்கனீஸும் கரித்தூளும். நடுவில் நவச்சாரம் கரைத்த வெறும் தண்ணீர்.

எல்லாம் வேலை செய்கிறது. தகடுதான் நிலைக்கமாட்டேன் என்கிறது. சும்மா வைத்திருந்தாலே பொரிந்து அரிக்கிறது. சார்ஜ் ஏற்றும்போது, கரைந்துபோன நாகம் தகட்டுக்குத் திரும்பி வர வேண்டும் அல்லவா? வருகிறது, ஆனால் சமமாகப் படியாமல் முள் முள்ளாக முளைக்கிறது. அந்த முள் வளர்ந்து துணிப்பையைக் குத்தினால் ஜாடியின் கதை முடிந்தது. பதினைந்து சார்ஜுக்கு மேல் ஒரு ஜாடியும் பிழைக்கவில்லை.

பாதரசம் தேய்த்தால் அரிப்பு நிற்கும் என்று காலேஜில் படித்தோம். தேய்த்தேன், நின்றது. போன வெள்ளிக்கிழமை ஒரு பொட்டுப் பாதரசம் கையிலிருந்து நழுவித் தரையில் ஓடியது. பாப்பா அதன் பின்னாலேயே தவழ்ந்து போனாள். மினுமினு என்று ஓடுகிறதே, அவளுக்கு அது ஒரு பூச்சி. விரல் படுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது தூக்கிவிட்டேன். அன்று முழுக்க அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். சிரித்தாலும் பயம், தூங்கினாலும் பயம். புட்டியை மில்லுக்கு அனுப்பிவிட்டேன், இனி அது வீட்டுக்குள் வராது.

பாதரசம் இல்லாமல் தகட்டை நிலைக்க வைக்க வழி உண்டா அண்ணே? நீ ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறவன். யோசித்துச் சொல்லு. மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ராமுத்தாய்


பெங்களூர்
2.3.1943

என் தாயிக்கு அண்ணன் வேலுச்சாமியின் ஆசீர்வாதம். நாங்கள் நலம். குளிரில் மதினிக்கு மட்டும் கால் வெடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

ஏ கழுதை, ஊறுகாய் ஜாடியில் பாட்டரியா! உன் கடிதத்தை இங்கே ரெண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தவர்கள் முள் விஷயத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் இங்கேயும் அதேதான். பெரிய பெரிய ஆள்களெல்லாம் அந்த முள்ளைப் பார்த்துத்தான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாகத்தை இறக்குவது சுலபம், திரும்ப ஏற்றுவதில்தான் எல்லாரும் தோற்கிறோம்.

ஒரு யோசனை. முலாம் பூசுகிறவர்கள் தண்ணீரில் துளி வச்சிரம், அதான் தச்சர்கள் ஒட்டுகிற தோல் பசை, கரைத்துக்கொள்வார்கள். பூச்சு வழவழவென்று படியும். நீயும் முயன்று பார். எத்தனை சார்ஜ், எத்தனை நாள், தகட்டின் எடை எவ்வளவு குறைந்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றி அப்போதைக்கப்போது எனக்கு அனுப்பு.

நல்லபடி வந்தால் ரெண்டு பேர் பெயரிலும் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு கட்டுரை போடுவோம். உன் பேர் முதலில், என் பேர் அடுத்து. இது அண்ணன் வாக்கு.

பாப்பாவை ஜாடிப்பக்கம் விடாதே. மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

வேலுச்சாமி


சின்னமனூர்
20.4.1943

பிரியமுள்ள அண்ணனுக்கு. உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், ஒன்பது நாள். அதனால்தான் மறுபடியும் தாமதம். இப்போது தேவலை. கீழ்ப்பல் ரெண்டு வந்துவிட்டது, கடிக்கிறாள்.

வச்சிரம் போட்டேன். மூன்றாம் நாளே அழுகி வீச்சம். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏத்தா, ஊறுகாய் போடுற ஜாடியில எலியவா போட்டு வச்சிருக்க?" என்றாக. அதை ஊற்றிவிட்டு, நம் ஓடைப்பக்கத்துக் கருவேல மரத்துப் பிசினைப் பொடித்துக் கரைத்தேன். அது அழுகவில்லை. அரிப்பு பாதியாகக் குறைந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏற்றி இறக்கியதில், எட்டில் ஆறு ஜாடி அறுபது சார்ஜ் தாண்டிவிட்டன! தகட்டைத் தூக்கிப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி வழவழவென்று இருக்கிறது. முள்ளே இல்லை. அறுபது தடவை எண்ணியதில் எனக்கே கிறுகிறுத்துவிட்டது.

உன் மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "அடியே, இந்த ஜாடிய நம்பி எஸ்டேட்டுக்கு டெலிபோன் கொடுக்கலாம் போலிருக்கே" என்றாக. அவுக வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு.

ஆனால் நாலாவது ஜாடியும் ஏழாவது ஜாடியும் இருபதிலேயே முள் முளைத்துச் செத்துவிட்டன. அதே பிசின், அதே தண்ணீர், அதே தகடு. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அது புரிகிறவரை கட்டுரை எழுத வேண்டாம் அண்ணே. அரைகுறையாகச் சொல்லிவிட்டு அப்புறம் விழிக்கக் கூடாது. நோட்டைப் பார்த்து எழுதிய நகல் இத்துடன் இருக்கிறது, முப்பத்திரண்டு பக்கம்.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. எனக்கு வேலை வேண்டாம், மெடல் வேண்டாம். அந்தக் கட்டுரையில் என் பேர் வேண்டும். பாப்பா வளர்ந்து படிக்கிறபோது, தன் ஆத்தா ஜாடியில் ஊறுகாய் மட்டும் போடவில்லை என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஐப்பசியில், பதினேழாவது மாதம், அவளுக்குக் காதுகுத்து வைக்கலாம் என்று அத்தை சொல்கிறாக. தாய்மாமன் மடி தயாராக இருக்கட்டும்.

ராமுத்தாய்


பெங்களூர்
9.6.1943

அன்புத் தங்கைக்கு. அனைவரும் நலம், உங்கள் நலத்துக்கு வேண்டுகிறோம். இங்கே நல்ல மழை. மதினிக்குக் கால் வெடிப்பு ஆறிவிட்டது.

நோட்டு வந்தது. உன் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி. டைரக்டர் நாலு பக்கம் பார்த்தார். பாதரசம் இல்லாமல் அறுபது சார்ஜ் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாதரசம் முழுக்கப் பட்டாளத்துக்குப் போகிற காலம், அதனால் இதற்கு மதிப்பு அதிகம் என்கிறார். பிசின் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று சரியான அளவை உடனே எழுது. தகட்டின் கனமும் வேண்டும்.

அந்த ரெண்டு ஜாடியை நினைத்து மண்டையை உடைக்காதே. ஜாடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். ஊறுகாய் ஜாடிதானே.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அது ஆம்பளைகள் சமாச்சாரம், நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பாப்பாவுக்கு என் முத்தம். காதுகுத்துக்கு வராமல் எங்கே போகப்போகிறேன்?

வேலுச்சாமி


சின்னமனூர்
28.6.1943

பிரியமுள்ள அண்ணனுக்கு. எல்லாரும் சுகம். பாப்பா சுவரைப் பிடித்து நிற்கிறாள். நின்றுவிட்டு உட்காரத் தெரியாமல் அழுகிறாள்.

நீ கேட்ட அளவுகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஜாடியில் எண்ணெய் இல்லை. சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காய வைத்து வைகாசியிலேயே மறுபடி செய்துவிட்டேன். மறுபடியும் அதே ரெண்டு ஜாடியில் முள். காரணம் ஜாடிக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

இங்கே மில் பதினோரு நாள் நின்று கிடந்தது. எண்ணெய்க்குப் பெர்மிட் கிடைக்காமல் உன் மாப்பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் சுற்றினாக. நெல்லைக் கொண்டுவந்த சனம் திரும்பிப் போனது. போன வாரம் திடீரென்று நாலு பீப்பாய்க்குப் பெர்மிட் வந்துவிட்டது. "எப்படிங்க?" என்று கேட்டேன். "எல்லாம் உங்க அண்ணன் சிபாரிசுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இஞ்சினைப் பார்க்கப் போய்விட்டாக. அன்றைக்கு எனக்கும் பாப்பாவுக்கும் அல்வா வாங்கி வந்தாக. கட்டிக்கொடுத்த பிறகும் தங்கை குடும்பத்தை இப்படித் தாங்குகிறாயே, உனக்கு எப்படி நன்றி சொல்லப்போகிறேன்?

அப்பா போன பிறகு நம் ஊர் வடுகபட்டியில் எல்லாரும் எதிர்த்து நின்றபோது, என்னைப் படிக்கச் சொல்லி மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டவன் நீ. அதை நான் மறக்கவில்லை.

கட்டுரையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. நான் சொல்கிறவரை பொறுத்திருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு வரி எழுதிவிடு, எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பேர் ரெண்டும் உண்டுதானே?

ராமுத்தாய்


சின்னமனூர்
19.9.1943

அண்ணன் அவர்களுக்கு. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

ஆனியில் நான் எழுதியதற்கு ஆவணி முடிந்தும் பதில் இல்லை. மதினிக்கு உடம்பு சரியில்லையோ, உங்களுக்கு வேலை அதிகமோ என்று நானாக ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை, நாலாவது ஜாடிக்கும் ஏழாவது ஜாடிக்கும் ஏன் முள் முளைத்தது என்று கண்டுபிடித்தேன். சந்தோஷத்தில் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். அதை உங்களுக்கு எழுதத்தான் காகிதத்தை எடுத்து வைத்தேன். அதற்குள் தபால்காரர் வந்தார்.

எனக்குக் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்திய டீச்சரம்மா ஒரு பத்திரிகையை அனுப்பியிருந்தார்கள். "உன் அண்ணனை நினைத்துப் பெருமைப்படு" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

ஆறு பக்கக் கட்டுரை. என் அறுபது சார்ஜ் இருக்கிறது. என் கருவேலம் பிசின் இருக்கிறது. பின்பக்கம் நான் எழுதிய அளவுகள் அப்படியே இருக்கின்றன. பாதரசத்தை ஏன் விட்டோம் என்பதற்கு யுத்தத் தட்டுப்பாடு காரணம் என்று போட்டிருக்கிறது. பாப்பா அதன் பின்னால் தவழ்ந்ததுதான் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். மேலே ஒரே பேர். உங்கள் பேர்.

கடைசியில் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். சின்னமனூர் மில் உரிமையாளர் பிச்சைமணிக்கு, அதாவது உங்கள் மாப்பிள்ளைக்கு. பரிசோதனைகள் எல்லாம் உங்கள் மேற்பார்வையில், அவர் மில்லில் நடந்தன என்று அவர் எழுத்துமூலம் உறுதி கொடுத்திருப்பதாகவும் போட்டிருக்கிறது.

அது உண்மையிலேயே அவுக கையெழுத்தா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ராமுத்தாய்


பெங்களூர்
4.10.1943

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். அனைவரும் நலம்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாயே தாயி, கை கூசவில்லையா? நான் சொல்வதைக் கேள். உன் பேரையும் சேர்த்துத்தான் முதலில் எழுதினேன். டைரக்டர், "யார் இது, எந்தக் கூடத்தில் வேலை?" என்றார். வீட்டில் இருக்கிறாள் என்றேன். வீட்டுப் பொம்பளை ஊறுகாய் ஜாடியில் செய்ததை எந்தப் பத்திரிகை நம்பும் என்றார். நான் என்ன செய்ய? தள்ளிப்போட்டால் பம்பாயில் எவனாவது முந்திவிடுவான். என் பேர் வந்தால் என்ன, உன் பேர் வந்தால் என்ன? ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தானே. ஊரோடு மல்லுக்கட்டி உன்னைப் படிக்க வைத்தது நான்தானே. அந்தப் படிப்பு இல்லாவிட்டால் இந்த ஜாடி ஏது?

கையெழுத்து மாப்பிள்ளையுடையதுதான். இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழிலும் விவரமாகச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டுப் பொம்பளை பேரு அச்சுல வர வேண்டாம் மச்சான், எனக்கு எண்ணெய்க்கு வழி பண்ணுங்க" என்றுதான் பதில் போட்டார். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆகவே என்னை மட்டும் கோபிக்காதே.

கடைசியாக ஒரு விஷயம். இங்கே நாங்கள் கட்டிய ஜாடிகளில் பிசின் போட்டும் முள் முளைக்கிறது. இருபது, இருபத்தைந்துக்கு மேல் தாங்கவில்லை. டிசம்பர் 20ஆம் தேதி பட்டாளத்து அதிகாரிகள் சோதிக்க வருகிறார்கள். கட்டுரையில் அறுபது என்று அடித்திருக்கிறது. என் நிலைமையை நினைத்துப் பார். அந்த ரெண்டு ஜாடிக்கும் என்ன காரணம் என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. அது கிடைத்தால் நிம்மதியாகக் கிளம்பி, இருபத்தொரு தட்டுச் சீரோடு, மேளத்தோடு காதுகுத்துக்கு வருவேன். கிடைக்காவிட்டால் என்னால் இங்கிருந்து நகர முடியாது. தாய்மாமன் இல்லாமல் காதுகுத்தா? ஊர் உன்னைத்தான் கேட்கும்.

வேலுச்சாமி


சின்னமனூர்
15.11.1943

அண்ணன் அவர்களுக்கு. மதினி நலமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து முடிந்தது. நீங்கள் சொன்னபடி ஊர் கேட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். "தாய்மாமன் மடி எங்கப்பா? நேரம் போகுதுல்ல?" என்றார். மொட்டை போட்ட தலையில் சந்தனத்தோடு பாப்பா என் இடுப்பில் இருந்தாள். ராக்கம்மா சின்னம்மா சத்தமாகவே, "பெங்களூர் மாமனுக்கு நம்ம ஊரு வழி மறந்துபோச்சு போல" என்றாக. நாலு பேர் சிரித்தார்கள்.

நம் பெரியம்மா மகன் ஒச்சாண்டி அண்ணன் கூட்டத்தில் பின்னால் நின்றார். நம் மில்லில் இஞ்சின் ஓட்டுகிறாரே, அவர்தான். நான் அவரைக் கூப்பிட்டேன்.

"வேணாந்தா. நான் உக்காந்தா வேலுச்சாமி மூஞ்சியில முழிக்க முடியாது."

"முழிக்க வேண்டாம்ணே. உக்காரு."

உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, கலெக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். பாப்பா ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமா, போட்டேன். மில்லு நின்னா பதினாறு குடும்பம் நிக்கும். உன் பேரு சோறு போடுமா?" என்றாக. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு இவ்வளவு வருத்தம் வரும்னு தெரியாது" என்றாக. தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்ததனால்தான் அன்றைக்கு அல்வா வாங்கி வந்தாக. அதை நான் ருசித்துச் சாப்பிட்டேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களிடம் சண்டை போடலாம். ஒரே வீட்டில் சோறு போட்டுக்கொண்டு அவுகளிடம் எதைச் சண்டை போட?

நீங்கள் கேட்ட காரணத்தை உங்களுக்கு எழுதவில்லை. அது தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போகக் கூடாது, டெலிபோனுக்கு அந்தப் பக்கம் எந்த மனுஷன் காத்திருப்பானோ. ஆகவே உங்கள் டைரக்டருக்கே, பதினெட்டுப் பக்கம், என் பேரிலும் ஒச்சாண்டி அண்ணன் பேரிலும் எழுதி எட்டாம் தேதி ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிட்டேன். கட்டுரையில் உள்ளது எங்கள் வேலை என்றும் எழுதியிருக்கிறேன். அசல் நோட்டும் கூடவே போயிருக்கிறது, ஏனென்றால் தேதியெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ராமுத்தாய்


சின்னமனூர்
6.12.1943

அண்ணன் அவர்களுக்கு.

உங்கள் ஆபீசிலிருந்து சனிக்கிழமை பதில் வந்தது. மேலே விலாசம், 'திரு. பிச்சைமணி, மில் உரிமையாளர்'. உள்ளே இங்கிலீஷ். அவுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். "என்னமோ வந்திருக்கு, வாசிச்சுச் சொல்லு" என்று என்னிடமே கொடுத்தாக. ஆகவே அதை நானே அவுகளுக்கு வாசித்துத் தமிழில் இப்படிச் சொன்னேன்:

உங்கள் மனைவியார் அனுப்பிய காகிதங்கள் கிடைத்தன. அவை இந்தப் பொருளில் பொறுப்பு வகிக்கும் திரு. வேலுச்சாமியின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளன. அவர் உசிதம்போல் நடவடிக்கை எடுப்பார். தங்கள் மில்லின் ஒத்துழைப்பு தொடரும் என நம்புகிறோம்.

வாசித்து முடித்ததும், "நல்லதாத்தானே எழுதியிருக்காக?" என்று கேட்டாக. ஆமாம் என்றேன்.

ஆக, எல்லாம் உங்கள் மேஜையில் இருக்கிறது. படித்திருப்பீர்கள். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அது என்ன என்று முதலில் பார்த்தது ஒச்சாண்டி அண்ணன். "தங்கச்சி, நீ நாலும் ஏழும் கெட்டுப்போச்சுங்கிற நாளெல்லாம் யாவாரி லோடு ஓடுன நாளால்ல இருக்கு" என்றார். விவசாயம் பண்ணுகிற சம்சாரிகள் நெல் கொண்டுவருகிற நாளில் ஒவ்வொரு வீட்டு நெல்லும் தீர்ந்ததும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு அடுத்த மூட்டையை ஏற்றுவார். டைனமோவும் நிற்கும். ஆறு ஜாடியும் அந்த நாள்களில் சார்ஜ் ஏறியவை. வியாபாரி லோடு என்றால் காலையில் விட்ட இஞ்சின் மதியம்வரை நிற்காது. டைனமோவில் ஒரே நேரத்தில் ஆறுக்குத்தான் இடம் என்று நான் தனியாக ஒதுக்கிய நாலும் ஏழும் அந்த நாள்களில் ஏறியவை. என் நோட்டில் தேதி இருந்தது. அவர் தலைக்குள் லோடு இருந்தது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

விடாமல் ஏற்றினால் தகட்டின் பக்கத்துத் தண்ணீரில் இருக்கிற நாகம் தீர்ந்துபோகிறது. அப்போது எந்த முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் எட்டிப் பிடித்துத் தின்கிறது, மேலும் நீள்கிறது. நடுவில் நிறுத்தினால், தள்ளி நிற்கிற நாகம் வந்து சேர அவகாசம் கிடைக்கிறது, எல்லா இடத்திலும் சமமாகப் படிகிறது. பாப்பாவுக்கு விழுங்க இடம் விட்டு ஊட்டுகிற மாதிரி. பிசின் பாதி, ஓய்வு பாதி. பத்து நிமிஷம் ஏற்றினால் இரண்டு நிமிஷம் நிறுத்த வேண்டும். நீங்கள் கூடத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். மில் ஓடுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாது.

முதல் பக்கத்தில் எங்கள் பேர் இருக்கிறது. ஒச்சாண்டி அண்ணனுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதிக் காட்டியதைப் பார்த்து மூன்று நாள் மணலில் பழகிவிட்டுத்தான் அதில் கையெழுத்துப் போட்டார். என்னிடம் வேறு நகல் இல்லை. அந்தப் பக்கத்தை டைரக்டரிடம் கொண்டுபோய் வைப்பதும், கிழிப்பதும் இப்போது உங்கள் கையில். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணே, இனி உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன். இதை மட்டும் கேட்கிறேன்.

ராமுத்தாய்


பெங்களூர்
11.1.1944

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் அனைவரும் பூரண நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அத்தையும் குழந்தை மாயக்காளும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். குளிர் இந்த வருஷம் அதிகம். மதினி உனக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

20ஆம் தேதி சோதனை எதிர்பார்த்ததைவிட நல்லபடியாக நடந்தது. ஓய்வு கொடுத்துச் சார்ஜ் ஏற்றும் முறையை அதிகாரிகள் மிகவும் மெச்சினார்கள். டைரக்டருக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த மாதத்திலிருந்து எனக்குத் தனி அறை. இரண்டாவது கட்டுரையும் அச்சுக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளையின் மில்லுக்கு இந்த முறை ஆறு பீப்பாய்க்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். அவருக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

காதுகுத்துக்கு வர முடியாமல் போனது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழந்தைக்கு ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு இன்ஷூர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே நல்ல வேலைப்பாடு. தாய்மாமன் போட்டது என்று அவள் காதில் இருக்கட்டும். போட்டுவிட்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

வெயில் காலத்தில் ஒரு நடை வந்து பார்க்கிறேன்.

வேலுச்சாமி


சின்னமனூர்
29.1.1944

ஐயா,

தங்கள் கடிதமும் பார்சலும் வந்து சேர்ந்தன. இரண்டாவது கட்டுரை யார் பேரில் என்று தாங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தோட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சால்வையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் காதில், துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி சொருகியிருக்கிறேன். சீழ் வைக்காமல் ஆறிவிட்டது. அவளுக்கு இப்போதைக்கு அது போதும்.

ராமுத்தாய்